தோட்டம்: கேள்வி – பதில்
பூத்தும் காய்க்காத பீன்ஸ் கொடி

கேள்வி: திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பொங்கல் கழிந்ததும் கொடி பீன்ஸ் விதைத்தேன். கொடி ஆளுயரத்துக்கு வளர்ந்து மார்ச் தொடக்கத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஆனால் பூக்கள் எல்லாம் காம்போடு உதிர்கின்றன. ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. மாடிக்குத் தேனீக்கள் வருவதில்லை. தூரிகையால் மகரந்தம் தடவிவிட்டால் காய் பிடிக்குமா?

பதில்: பிடிக்காது. பீன்ஸ் தன் மகரந்தச் சேர்க்கையைத் தானே முடித்துக்கொள்ளும் செடி. பூ முழுவதும் விரிவதற்கு முன்பே உள்ளுக்குள் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆகவே தேனீக்களின்மீது பழியில்லை, உங்கள் கவனிப்பிலும் குறையில்லை. குறை விதைத்த நாளில்தான் இருக்கிறது.

மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் ஆண்டிஸ் மலைச் சரிவுகளிலும் காட்டுக் கொடியாக இருந்து, பின்னர் ஐரோப்பியர் வழியாக உலகெங்கும் பரவிய பயிர் இது. நம் நாட்டிலும் கொடைக்கானல், நீலகிரி போன்ற இடங்களில் அது செழிப்பதற்கு மண்ணைவிடக் குளிர்ச்சியே பெரிய காரணம். 15 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் அதற்கு உகந்தது. 30 டிகிரியைத் தாண்டினால் காய்ப்பிடிப்பு குறையத் தொடங்குகிறது. பகலோடு இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் வலுவிழந்து, கருவுறாத பூக்களைச் செடியே உதிர்த்துவிடுகிறது. இலையும் தண்டும் இந்த வெப்பத்தை ஓரளவு தாங்கிக்கொள்வதால், கொடி பச்சைப் பசேலென்று நின்று நம்மை ஏமாற்றும். திருச்சியில் மார்ச் மாதத்துப் பகல் 35 டிகிரியைத் தாண்டும்போது, தளத்துச் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் தொட்டியில் அந்தச் செடி வேறென்ன செய்யும்? நானும் ஓர் ஆண்டு இதே தவற்றைச் செய்து, பூவை மட்டும் பார்த்துவிட்டுக் கொடியைப் பிடுங்கியவன்தான்.

எனவே விதைக்கும் நாளைப் பூக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கொடி வகைகள் விதைத்த 40 முதல் 50 நாட்களில் பூக்கும். சமவெளியில் மார்கழியும் தை முற்பகுதியும்தான் பூப்பதற்கு ஏற்ற காலம் என்பதால், ஐப்பசி இறுதியிலிருந்து கார்த்திகை நடுப்பகுதிக்குள் விதை மண்ணில் விழுந்துவிட வேண்டும். அது அடைமழைக் காலமாயிற்றே என்பீர்கள். உண்மைதான்; தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும். அதனால் தொட்டியின் அடித் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டு, முளைத்துப் பத்து நாள் ஆகும்வரை மழை நேரடியாகக் கொட்டாத இடத்தில் வைத்திருங்கள். பயறு போல இரவு முழுவதும் விதையை ஊறவைக்க வேண்டாம். பீன்ஸ் விதை நீரை வேகமாக உறிஞ்சிப் பிளந்துவிடக்கூடும். ஈரமான மண்ணில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாக ஊன்றினால் போதும்.

கோடையில் பந்தல் வெறுமையாக நிற்க வேண்டாம் என்றால் கொடிக் காராமணி போடுங்கள். வெயிலுக்கு அஞ்சாத பயிர், பொரியலுக்கும் குறைவில்லை.

கேள்வி: புடலைக்குப் போட்ட கம்பி வலைப் பந்தலிலேயே பீன்ஸையும் ஏற்றினேன். கொடி மேலே படராமல் சரிந்து சரிந்து விழுகிறது. பிளாஸ்டிக் குழாய் நட்டும் பயனில்லை. ஏன்?

பதில்: புடலையும் பாகலும் பற்றுக்கம்பிகளை நீட்டி, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு படருபவை. பீன்ஸுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. அது தன் தண்டையே ஒரு கோலின்மீது சுற்றிச் சுற்றி மேலேறும். ஆகவே அதற்குத் தேவை கிடைமட்டப் பந்தல் அன்று, நிமிர்ந்து நிற்கும் ஏதேனும் ஒன்று. வழவழப்பான குழாயில் பிடிமானம் இல்லாததால் கொடி தன் பாரத்தாலேயே வழுக்கி இறங்கிவிடும். சொரசொரப்பான சவுக்குக் கம்போ, மேலிருந்து கட்டித் தொங்கவிட்ட தேங்காய் நார்க் கயிறோ ஆறு, ஏழு அடி உயரத்துக்கு இருந்தால் நன்று. உங்களிடம் உள்ள புடலைப் பந்தலையும் வீணாக்க வேண்டாம். அதிலிருந்து செடிக்கு ஒரு கயிறாக இறக்கிக் கட்டிவிடுங்கள்.

நீங்களாகக் கொடியைச் சுற்றிவிடுவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். மேலிருந்து பார்க்கும்போது பீன்ஸ் கொடி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றும். நாம் மாற்றிச் சுற்றிவிட்டால், நம் உதவியை உதறிவிட்டு அவிழ்ந்துகொள்ளும்.

கேள்வி: பீன்ஸ் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்கிறார்கள். அப்படியானால் உரமே வேண்டாமா? மளிகைக் கடை ராஜ்மாவை விதையாகப் பயன்படுத்தலாமா?

பதில்: வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குப் பிடித்துத் தருவது உண்மையே, ஆனால் பயறுக் குடும்பத்தில் பீன்ஸ் இந்த வேலையில் சற்றுச் சோம்பேறி. ஆகவே நன்கு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ மண்ணில் கலந்திருக்க வேண்டும். யூரியாவை மட்டும் தவிருங்கள். அது முடிச்சுகள் உருவாவதைக் குறைத்து, காய்க்குப் பதில் இலையை வளர்க்கும். ரைசோபியம் வாங்கினால் பீன்ஸுக்கென்று கேட்டு வாங்குங்கள், நிலக்கடலைக்கு உரியது இதற்கு உதவாது.

ராஜ்மாவும் பீன்ஸும் ஒரே இனம். பழையதாக இல்லாவிட்டால் முளைக்கும். ஆனால் ராஜ்மா முதிர்ந்த பருப்புக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் காய் விரைவில் நாரோடிப்போகும், கொடியாக ஏறும் என்ற உறுதியும் இல்லை. பழனி மலைப் பகுதியில் முருங்கை பீன்ஸ் எனப்படும் கொடி வகையின் விதை கிடைத்தால் அதையே விதையுங்கள். ஒருமுறை காய்த்துவிட்டால், நல்ல கொடி ஒன்றில் நாலைந்து காய்களைக் காயவிட்டு அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்துக்கொள்ளலாம். மற்ற கொடிகளில் காயை முற்றவிடாதீர்கள். விதை முற்றத் தொடங்கியதும் செடி புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிப்பதே அதைத் தொடர்ந்து காய்க்கவைக்கும் வழி.

கேள்வி: கொழுந்தில் கறுப்பாகப் பூச்சி அப்பியிருக்கிறது, எறும்பும் ஊர்கிறது. எறும்பு மருந்து போடலாமா?

பதில்: எறும்பு விருந்தாளிதான். கொழுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினி கசியவிடும் இனிப்பு நீருக்காக அது வருகிறது. முதல் நாளில் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மீண்டும் வந்தால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள்.