45 வயதுக்கு மேல் உடலைக் கட்டாக வைத்திருக்க நீங்கள் என்ன பயிற்சி செய்கிறீர்கள்? தினமும் நடந்தால் மட்டும் போதாதா?

கேள்வி கேட்டவர் தனக்கு 46 வயது, உட்கார்ந்தே பார்க்கிற வேலை, ஜிம் ஒத்துவரவில்லை, மாடிப்படி இறங்கினால் முழங்கால் லேசாக வலிக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழங்கால் செலவானது.

எனக்கு இப்போது 52. மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, காலை ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறி வரும். 49 வயது வரை நான் செய்த பெரிய உடற்பயிற்சி, மோட்டாரை டபுள் ஸ்டாண்டு போடுவதுதான். நடுவில் ஒருமுறை ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) கட்டி ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். ஒரு வருடத்தில் பதினோரு நாள் போனேன். அதில் இரண்டு நாள் வெந்நீரில் குளிப்பதற்காக.

மகள் எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதவிருந்த வருடம், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி. சின்ன வயதில் ஓடி ஏறிய படிதானே என்ற நினைப்பு. இருநூறைத் தாண்டுவதற்குள் மூன்று முறை நின்றுவிட்டேன். மஞ்சள் சேலை கட்டிய ஒரு பாட்டி, என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், "வேல் வேல்னு சொல்லிக்கிட்டே ஏறுங்க தம்பி, மூச்சு வாங்காது" என்று சொல்லிவிட்டு என்னைக் கடந்து போனார். ஏறியது கூடப் பரவாயில்லை. இறங்கும்போது தொடை இரண்டும் வெடவெடவென ஆடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, குழந்தை மாதிரி இறங்கினேன்.

ரோஷம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து தினமும் அதே படி. வேலை ஏழு மணிக்கு என்பதால் விடிவதற்கு முன்பே போக வேண்டும். இங்கே ஏழு மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கும். 1982 பிறந்தபோது தீபகற்பம் முழுவதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சூரியனுக்கு யார் சொல்வது? கையில் டார்ச், தலையில் வீம்பு. பதினெட்டு நாள் விடாமல் ஏறி இறங்கினேன். பத்தொன்பதாம் நாள் வலது முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது.

கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது என் மகளைவிட நாலைந்து வயது மூத்த ஒரு மலாய்ப் பெண். "அங்கிள், டுடுக் டூலு", முதலில் உட்காருங்கள் என்று ஒரு சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். (அந்த 'அங்கிள்'தான் அன்று விழுந்த முதல் அடி.) இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டச் சொன்னார். முப்பது வினாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடியும் என்று எண்ணப் போவதாகச் சொல்லிக் கைப்பேசியில் நேரத்தைத் தட்டினார்.

பதினொன்று. கடைசி இரண்டுக்கும் முன்னால் சாய்ந்து எம்பித்தான் எழுந்தேன்.

அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இதே சோதனையில் 60 முதல் 64 வயது வரையுள்ள ஆண்கள் 14க்குக் கீழே போனாலே குறைவு என்றுதான் கணக்கு என்றார். எனக்கு வயது 49.

பிறகு விளக்கினார். படி இறங்கும்போது முழங்காலில் விழும் பாரம் நம் உடம்பு எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதை வாங்கித் தாங்க வேண்டியது தொடையின் முன்பக்கத் தசை. இறங்கும்போது அந்தத் தசை நீண்டுகொண்டே பாரத்தையும் பிடிக்கிறது. வண்டியில் பிரேக் மாதிரி. பிரேக் தேய்ந்திருந்தால் அடி மூட்டுக்குப் போகிறது. என் மூட்டு கெட்டுப்போகவில்லை, தொடையில் பலமில்லை, அவ்வளவுதான். முப்பது வயதைத் தாண்டினாலே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கும், பத்து வருடத்துக்கு நூற்றுக்கு மூன்றிலிருந்து எட்டு வரை போகலாம், அறுபதுக்கு மேல் இன்னும் வேகம். உட்கார்ந்த வேலை என்றால் சொல்லவே வேண்டாம். தட்டையான தரையில் நடந்தால் இதயத்துக்கு நல்லது, மனசுக்கு நல்லது. ஆனால் கரைந்த தொடையைத் திருப்பிக் கட்ட அந்தப் பாரம் பத்தாது.

ஆக என் பயிற்சி அந்த நாற்காலியில்தான் தொடங்கியது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலி, வழுக்காமல் இருக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பேன். பாதி இருக்கையில் உட்கார்ந்து, பாதத்தை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து, குதிகாலை அழுத்தி எழுவது. உட்காரும்போது 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு மெல்ல இறங்குவது. இந்த மெல்ல இறங்குவதில்தான் விஷயமே இருக்கிறது. தொப்பென்று விழுந்தால் நாற்காலிக்குத்தான் பயிற்சி. பத்து முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி பத்து, மறுபடி பத்து. மூன்று வாரத்தில் இது சுலபமாகிவிட்டது. பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்தேன். இப்போது பத்து கிலோ.

அரிசிப் பைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கைக்கு ஒன்றாக இரண்டு ஐந்து கிலோ பைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் அடுக்குமாடியின் நடைபாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நாலு நடை. முதுகை நிமிர்த்தி, தோளைக் கீழே விட்டு. முதல் நாள் எதிர்வீட்டுப் பையன் "அங்கிள், கடை போடப் போறீங்களா?" என்று கேட்டான். கைப்பிடிக்கும் முதுகுக்கும் இடுப்புக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கிற பயிற்சி இதைவிட மலிவாக எனக்குக் கிடைக்கவில்லை.

நெஞ்சுக்கும் கைக்கும் தண்டால். தரையில் என்னால் ஒன்றுகூட முடியவில்லை. அதனால் சமையலறை மேடையில் கையை ஊன்றிச் சாய்ந்து ஆரம்பித்தேன். இரண்டு மாதம் கழித்து சோபா உயரம், ஆறாம் மாதம் தரை. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்குவது எல்லாம் உபரி. வாரத்தில் மூன்று நாள், இருபது இருபத்தைந்து நிமிடம், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும், வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான நடமாட்டம் போக, இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி என்றுதான் சொல்கிறது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

வாட்ஸ்அப் என்றதும் ஞாபகம் வருகிறது, அந்தப் 'பத்தாயிரம் அடி' கணக்கு. அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 'மான்போ கேய்', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். மருத்துவர் யாரும் எழுதிக் கொடுத்த அளவு இல்லை. எட்டாயிரத்தோடு படுத்துவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். நான் பாடினால் எந்த வேகத்திலும் கேட்க முடியாது என்று என் மனைவி சொல்வாள், அது வேறு.

ஆரம்பிப்பவர்கள் பயந்து நிறுத்துவது வலியால்தான். முதல் நாள் ஒன்றும் தெரியாது. மறுநாள், அதற்கும் மறுநாள் கழிவறையில் உட்கார்ந்து எழவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். தொடைச் சதையில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொட்டால் நோகிற வலி என்றால் அது தசை வலி. மூன்று நான்கு நாளில் போய்விடும். மூட்டுக்குள்ளே, ஒரு பக்கம் மட்டும், குத்துகிற மாதிரியோ வீக்கத்தோடோ வந்தால் அது வேறு. அன்றே நிறுத்துங்கள். நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பதினெட்டு நாள் ஓட்டினேன்.

இன்னொரு காரணமும் எனக்கு இருந்தது. முழங்காலுக்குப் போன இடத்தில் ரத்தத்தையும் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்பிஏ1சி) 6.0, இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு, வாசற்படி. என் அப்பாவுக்கு இருந்தது, இரண்டு சித்தப்பாக்களுக்கும் இருந்தது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இருப்பதாக வந்தது, அதிலும் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அதனால் சாப்பிட்ட கையோடு நடப்பதை நான் விடுவதில்லை. கேண்டீனில் சாப்பிட்டு முடித்ததும் மோட்டார் நிறுத்துமிடத்தைப் பதினைந்து நிமிடம் சுற்றுவேன். முதலில் சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது கூட வருகிறார்கள். தே தாரேக் (பால் சேர்த்து ஆற்றிய இனிப்பு டீ) போய் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத டீ) ஆனது. நாசி கண்டார் (குழம்புகள் ஊற்றிய சோறு) போகவில்லை, பினாங்கில் பிறந்துவிட்டு அதெல்லாம் நடக்காது. மாதம் இரண்டு முறை, சோறு முங்கக் குழம்பு ஊற்றும் 'பாஞ்சிர்' இல்லாமல். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது 5.7. எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

இரவு ஷிப்டு வாரத்தில் பயிற்சி நாள் ஒன்றுதான். இதை முதலிலேயே ஒத்துக்கொண்டதால்தான் மூன்று வருடம் ஓடியது என்று நினைக்கிறேன். இரவு முழுக்க விழித்துவிட்டு, 'விடக் கூடாது' என்று நேராக மலையேறப் போய், வீடு திரும்பும்போது மோட்டாரிலேயே கண் சொருகியது ஒரு நாள். தூக்கத்தைத் திருடிச் செய்கிற பயிற்சியில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

விடுமுறை நாளில் மனைவியோடு தாவரவியல் பூங்கா. 1884இல் வெள்ளைக்காரன் போட்ட தோட்டம், எங்களுக்கு எப்போதும் அது தண்ணீர்மலைத் தோட்டம்தான். பசியாற ஏதாவது வாங்கிக்கொண்டு போனால் பையை உள்ளே மறைத்து வையுங்கள். குரங்குகள் நம்மைவிட உடற்கட்டானவை. மாதம் ஒருமுறை அங்கிருந்து ஜீப் பாதையில் கொடிமலை (பினாங்கு ஹில்). சுமார் ஐந்து கிலோமீட்டர், நல்ல செங்குத்து. அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒரு சீன அங்கிளைப் பார்ப்பேன். "நாய்க் போலே லாஜு, துருன் பெலான்-பெலான்" என்பார், ஏறும்போது வேகமாகப் போகலாம், இறங்கும்போது மெல்ல. நான் அதையும் தாண்டி இறங்குவதே இல்லை. 1923இலிருந்து ஓடுகிற மலை ரயில் எதற்கு இருக்கிறது? ஏறுவது கால், இறங்குவது ரயில். முழங்கால் வலிக்கிறது என்று எழுதியவருக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான்: தொடை தேறும்வரை படி ஏறுங்கள், இறங்க மின்தூக்கியைப் பிடியுங்கள். வீக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம், முதலில் ஒருவரிடம் காட்டுங்கள்.

நெஞ்சு அடைப்பு, தலைச்சுற்றல் மாதிரி ஏதாவது உண்டு என்றால் நாற்காலிப் பயிற்சிகூட மருத்துவரைக் கேட்ட பிறகுதான். மலேசியாவில் இருப்பவர் என்றால், 40 வயதைத் தாண்டிய பி40 (வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காடு) குடும்பத்தாருக்குப் 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. பதிந்துகொண்ட கிளினிக்குகளில் செய்துகொள்ளலாம். என் அண்ணனை அனுப்ப எனக்கு எட்டு மாதம் ஆனது.

மனைவிக்கு 48. மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும், பாரம் தூக்குவது எலும்புக்கும் நல்லது என்று அந்தப் பிசியோ பெண் சொன்னதை வந்து சொன்னேன். "நான் இருபது வருஷமா கேஸ் தோம்பும் அரிசி மூட்டையும் தூக்குறேன், உங்களுக்குத்தான் இப்ப தெரிஞ்சிருக்கு" என்றாள். (தோம்பு என்றால் சிலிண்டர்.) ஆனாலும் சேர்ந்துகொண்டாள். இழுக்கிற ரப்பர் பட்டை ஒன்று வாங்கி, ஜன்னல் கம்பியில் கட்டி, நாடகம் பார்த்துக்கொண்டே இழுக்கிறாள்.

போன மாதம் அதே முப்பது வினாடிச் சோதனையை வீட்டில் வைத்தோம். மகள் எண்ணினாள். அம்மாவுக்குப் பதினெட்டு. எனக்குப் பத்தொன்பது. "கடைசி ஒன்னுக்குக் கையைத் தொடையில வச்சாரு, நான் பார்த்தேன்" என்கிறாள் மனைவி. வைக்கவில்லை.