கண்ணில் தெரியும் குழாய், கண்ணுக்குத் தெரியாத சிறுநீரகம்: கேள்வி பதில்

மொரிஷியஸில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. இந்நோய் பற்றி நம் அன்பர்கள் எழுதியனுப்பிய கேள்விகளுக்கு, விழித்திரை மருத்துவம் பார்த்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் அளித்த விடைகள் இவை.

ரோஸ் ஹில் அன்பர்: மோக்காவில் பாரதியார் பெயர் தாங்கிய கண் மருத்துவமனையில் விழித்திரையைப் படம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த மருத்துவர், சிறுநீரையும் பரிசோதிக்கச் சொன்னார். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு, ஐயா?

உடலைக் கீறாமல் ரத்தக் குழாயை நேரில் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. 1851ஆம் ஆண்டில் ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை அமைத்த நாள் முதல் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் மயிரிழையினும் மெல்லிய குழாய்களின் சுருள். ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், இரு இடங்களிலும் குழாய்ச் சுவரின் அடிப்படலம் தடிக்கிறது. குழாயைத் தாங்கும் உயிரணுக்கள் நலிகின்றன. உள்ளே இருக்க வேண்டியது வெளியே கசிகிறது. கண்ணில் கசிந்த கொழுப்பும் புரதமும் மஞ்சள் படிவுகளாகத் தங்குவதால் படத்தில் தெரிகின்றன. சிறுநீரகத்தில் கசிந்த அல்புமின் என்னும் புரதம் சிறுநீரோடு போய்விடுகிறது. வலியும் இராது, தொடக்கத்தில் வீக்கமும் இராது. ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னது முறையானதே.

போர்ட் லூயி அன்பர்: புள்ளிகளும் படிவுகளும் தோன்றுவதற்கு முன்பே, குழாயின் அகலத்தை வைத்துச் சிறுநீரகம் கெடப்போவதை அறியலாம் என்று படித்தேன். உண்மையா?

பாதி உண்மை. பார்வை நரம்பின் வட்டத்தைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட வளையத்துக்குள், பெரிய நுண்தமனிகள் (ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு குழாய்கள்) ஆறையும் நுண்சிரைகள் (ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிறு குழாய்கள்) ஆறையும் தேர்ந்து, கணினியின் துணையோடு அகலத்தை அளக்கிறார்கள். குழாயின் வளைவு நெளிவையும் கிளை பிரியும் அடர்த்தியையும் கணக்கிடுவதுண்டு. நுண்சிரைகள் அகன்றும் நுண்தமனிகள் ஒடுங்கியும் காணப்படுவோரிடம் சிறுநீரகப் பாதிப்பு கூடுதலாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. வேறு சில அந்தத் தொடர்பை அவ்வளவு உறுதியாகக் காணவில்லை. புகை பிடித்தாலும் நுண்சிரை அகலும்; வயதும் உயர் ரத்த அழுத்தமும் நுண்தமனியை ஒடுக்கும்; இதயத் துடிப்புக்கேற்பக்கூட அகலம் சிறிது மாறும். ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் வேறுபாட்டை, எதிரே அமர்ந்திருக்கும் ஒருவருடைய தீர்ப்பாக வாசிப்பது தவறு. என்னைப் பொறுத்தவரை, அகலத்தைக் காட்டிலும் விழித்திரை நோய் இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்பதே வலுவான குறிப்பு.

க்யூர்பிப்பைச் சேர்ந்த அம்மையார்: எனக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை. கண் சுத்தமாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் சிறுநீர்ப் பரிசோதனை தேவையில்லைதானே?

தேவை, அம்மா. முதல் வகையில் கண்ணும் சிறுநீரகமும் பெரும்பாலும் சேர்ந்தே கெடும். இரண்டாம் வகையில் அப்படியில்லை. கண்ணில் ஒன்றும் இல்லாமலே சிறுநீரகம் பாதிக்கப்பட்டோர் கணிசமாக உள்ளனர். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினின் என்னும் தசைக் கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதத்தையும், ரத்தக் கிரியேட்டினினைக் கொண்டு கணிக்கும் வடிகட்டும் திறனையும் பார்க்க வேண்டும். விகிதம் ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு 3 மில்லிகிராம் அல்புமினைத் தாண்டினாலோ, வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றாலோ கவனிக்க வேண்டும்.

அதே அம்மையார்: சர்க்கரை நோயுள்ள என் தம்பிக்கும் கண்ணில் ஒன்றுமில்லை, ஆனால் சிறுநீரில் புரதம் நிறையப் போகிறது.

அவருக்கு நோய் வேறாகவும் இருக்கலாம். சர்க்கரை நோயாளி என்பதால் சிறுநீரகக் கேடு எல்லாம் சர்க்கரையால் வந்ததாகிவிடாது. புரதம் திடீரென மிகுந்திருந்தாலோ, சிறுநீரில் ரத்தமும் கலந்திருந்தாலோ, சிறுநீரக மருத்துவர் திசு எடுத்துப் பார்க்க நேரலாம்.

ரோஸ் ஹில் இளைஞர்: தைப்பூசத்தன்று காவடி எடுத்துவிட்டு மறுநாள் சிறுநீர் மாதிரி கொடுத்தேன். அல்புமின் கூடுதலாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

விரதம் இருந்து, வெயிலில் காவடி சுமந்து நடந்த உடலின் சிறுநீரை அடுத்த நாளே சோதித்தால் அப்படி வரக்கூடும். கடும் உழைப்பு, காய்ச்சல், சிறுநீர்த் தொற்று ஆகியவை அல்புமினைத் தற்காலிகமாக உயர்த்தும். சில வாரம் கழித்துக் காலையின் முதல் சிறுநீரைக் கொடுங்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று மாதிரிகளில் குறைந்தது இரண்டில் அல்புமின் உயர்ந்திருந்தால்தான் கணக்கில் கொள்வார்கள். (அடுத்த ஆண்டு விரதத்துக்கு முன், மாத்திரை அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

வாசகர் ஒருவர்: கண் படத்தைப் பார்த்தே கணினி சிறுநீரக நோயைக் கண்டுபிடிக்கிறதாமே?

2020இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் அத்தகைய முறையொன்றை வெளியிட்டார்கள். அங்குள்ள இந்திய வம்சாவளியினரின் படங்களும் அதில் இருந்தன. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் முதலிய விவரங்கள் எவ்வளவு சொல்லுமோ, ஏறத்தாழ அவ்வளவை விழித்திரைப் படம் மட்டுமே சொன்னது. இரண்டையும் சேர்த்தபோது துல்லியம் சிறிதே கூடியது. அது கண்டறிந்தது ஏற்கெனவே இருக்கும் நோயை, வரப்போவதை அன்று. ஒரு குப்பியில் பிடிக்கும் சிறுநீர் இதைவிட எளிது, மலிவும்கூட.

போர்ட் லூயி அம்மையார்: கண்ணைப் படம் எடுக்க ஊசி வழியே செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

பொதுவாகக் கெடுக்காது. அது ஃபுளோரசீன் என்ற சாயம். சி.டி. ஸ்கேனுக்குச் செலுத்தும் அயோடின் மருந்தோடு அதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சிறுநீர் ஒரு நாள் ஆரஞ்சு நிறமாகப் போகும், அவ்வளவே. அல்புமினுக்கான மாதிரியை மட்டும் சில நாள் தள்ளிக் கொடுங்கள். சிறுநீரகக் குறை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மோக்கா அன்பர்: கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டேன். அது சிறுநீரகத்தையும் காக்குமா?

காக்காது. லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் கண்ணோடு நின்றுவிடும். இரண்டையும் சேர்த்துக் காப்பது சர்க்கரையின் கட்டுப்பாடும் ரத்த அழுத்தத்தின் கட்டுப்பாடுமே. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வின் முடிவுகள் இதைக் காட்டின. சிறுநீரகத்துக்கென டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளும் இப்போது உள்ளன. ஆனால் நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரையை மிக வேகமாகக் குறைத்தால், கண் நோய் சில மாதங்களுக்குக் கூடித் தெரியலாம். ஆகவே மருந்தை மாற்றும்போது உங்கள் கண் மருத்துவருக்கும் தெரிவித்துவிடுங்கள். அடுத்த முறை கண் படத்துக்குப் போகையில் சிறுநீர் அறிக்கையையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.