மூச்சு வாங்கும் மகளுக்கு முதலில் இருக்கையைச் சரி செய்யுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. வாய்ப்பாட்டும் வயலினும் படிக்கிறாள். தொடக்கப் பாடமான கீதம் பாடிய காலத்தில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. அதைவிடக் கடினமான வர்ணம் தொடங்கிய பிறகு, அதன் முதல் பகுதியான பல்லவி முடிவதற்குள் மூச்சு வாங்குகிறது, தோள் இரண்டும் மேலே ஏறுகிறது. வயலின் எடுத்து அரை மணி நேரத்தில் கழுத்தும் முதுகும் நோகுது என்கிறாள். தினமும் பிராணாயாமம் செய்தால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். எவ்வளவு நேரம் செய்யவிடலாம்? கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.
ஒரு தாய், காரைதீவு

பதில்: பிராணாயாமத்தை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள் அம்மா. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் மகளுக்கு மூச்சின் அளவு போதாமல் போகவில்லை. அவள் இருக்கும் விதம் மூச்சைத் தடுக்கிறது. அதோடு, வர்ணத்தில் எங்கே மூச்சு எடுப்பது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. இந்த இரண்டையும் சரி செய்தால் முக்கால்வாசிச் சிரமம் போய்விடும் என்பது என் எண்ணம்.

அவள் பாயில் சப்பாணி கட்டி இருக்கும்போது பக்கவாட்டில் நின்று பாருங்கள். முழங்கால்கள் இடுப்பை விட உயரத்தில் இருக்கின்றனவா? அப்படியானால் இடுப்பு எலும்பு பின்பக்கம் சாய்ந்திருக்கும், கீழ் முதுகு வளைந்திருக்கும், வயிறு மடிந்திருக்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம் மாதிரி உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. மூச்சை உள்ளே எடுக்கும்போது அது கீழே இறங்க வேண்டும். வயிறு மடிந்திருந்தால் இறங்க இடம் கிடைக்காது. உடம்பு என்ன செய்யும்? கழுத்துத் தசைகளைக் கொண்டு நெஞ்சின் மேல்பகுதியைத் தூக்கி, அங்கே கொஞ்சம் காற்றை எடுத்துக்கொள்ளும். தோள் ஏறுவது அதனால்தான். கழுத்து இறுகினால் குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகளும் சேர்ந்து இறுகும். மேல் ஸ்தாயியில் குரல் நெரிபடுவதற்கும் இது ஒரு காரணம்.

"நிமிர்ந்து இரு" என்று சொல்லிப் பயனில்லை. சொன்னவுடன் பிள்ளைகள் நெஞ்சை முன்னே தள்ளி, முதுகை விறைப்பாக்கி, மூச்சையும் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு நிமிடத்தில் களைத்துப் பழையபடி கூனுவார்கள். இடுப்பை உயர்த்திக் கொடுங்கள், முதுகு தானாக நிமிரும். பழைய சாரம் இரண்டை இறுக்கமாக மடித்து, ஐந்து முதல் எட்டு சென்ரிமீற்றர் உயரத்தில் அவளுக்குக் கீழே வையுங்கள். பஞ்சுத் தலையணை வேண்டாம், அது அமுங்கிவிடும். மடித்த துணியின் முன் ஓரத்தில் இருக்க வேண்டும், நடுவில் அல்ல. முழங்கால்கள் இடுப்புக்குக் கீழே வந்தால் உயரம் போதும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வந்திருக்கும்.

கொப்பி எங்கே கிடக்கிறது என்பதையும் பாருங்கள். தரையில் விரித்து வைத்தால் கழுத்தை முன்னே நீட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு சின்ன ஸ்டூலில் சாய்த்து வைத்தால் போதும்.

வயலினுக்கு வருவோம். கர்நாடக முறையில் வயலினின் தலைச் சுருள் வலது காலின் மேல் தங்க, மறுமுனை இடது தோளிலும் நெஞ்சிலும் சாய்ந்திருக்கும். இந்த இரண்டு இடமும் வாத்தியத்தைத் தாங்குவதால்தான் இடது கை கமகத்துக்காக, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்காக, தந்தியில் தாராளமாக ஓட முடிகிறது. பிள்ளைகள் செய்யும் தவறு, காலை எங்கோ தள்ளி வைத்துவிட்டு உடம்பை அதை நோக்கி வளைப்பது. முதலில் முதுகை நேராக வைத்து, வயலினை நெஞ்சில் சாய்த்து, பிறகு சுருள் வந்து நிற்கும் இடத்துக்குக் காலைக் கொண்டுவர வேண்டும். இருக்கையை உயர்த்தியதால் சுருள் காலில் எட்டாவிட்டால் நடுவே ஒரு சின்னத் துவாயை மடித்து வைக்கலாம். நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்த்து வழுக்குவதையும் அது தடுக்கும். வழுக்கும் வயலினைப் பிள்ளை நாடியாலும் பெருவிரலாலும் இறுக்கிப் பிடிக்கும், நோவு அங்கே தொடங்கும். அவள் கைக்கு அந்த வயலின் அளவு சரியா என்று ரீச்சரிடம் ஒருதரம் கேளுங்கள். சிறு கைகளுக்கு அரை, முக்கால் அளவுகளில் வயலின் உண்டு.

சரி, மூச்சுக்கு வருவோம். முதல் வாரம் பாட்டே வேண்டாம். முழங்காலை மடித்து மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது பெரும்பாலும் எல்லோரும் சரியாகவே மூச்சு விடுகிறோம். ஒரு கை தொப்புளுக்கு மேலே, மற்றக் கை விலா எலும்பின் ஓரத்தில். காற்று உள்ளே போகும்போது வயிறு மெல்ல எழும், விலா பக்கவாட்டில் விரியும். வயிற்றை வேண்டுமென்றே தள்ளக் கூடாது. அந்த அசைவு பிடிபட்டதும் அதையே கதிரையிலும், பிறகு பாயிலும் இருந்து செய்யட்டும்.

அடுத்தது தாளத்தோடு. ஆதி தாளம் போட்டு, இரண்டு எண்ணிக்கையில் மூச்சை எடுத்து, ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை, 'ஸ்' என்று ஒரே சீராக விட வேண்டும். நொடிக்கு ஒரு எண்ணிக்கை என்று வைத்தால் எட்டு நொடி. தொடக்கத்தில் பெருத்து முடிவில் மெலியக் கூடாது, கடைசிச் சொட்டுக் காற்று வரை பிழிந்து எடுக்கவும் கூடாது. இது சுலபமானதும் பன்னிரண்டு எண்ணிக்கைக்குப் போகலாம். ஐந்து முறை போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழக்கம்போல மூச்சு விடட்டும். அளவுக்கு மீறி ஆழமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து அப்படி வரும். பாடகருக்கு வேண்டியது சட்டென்று எடுத்து மெல்ல விடும் மூச்சு. மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் கும்பகப் பயிற்சி இதற்கு உதவாது, இந்த வயதில் அவளுக்குத் தேவையும் இல்லை.

கீதத்தில் வராத சிரமம் வர்ணத்தில் வந்தது தற்செயல் அல்ல. கீதத்தில் பெரும்பாலும் ஒரு ஸ்வரத்துக்கு ஓர் எழுத்து என்று சொற்கள் நெருங்கி வரும், மூச்சு எடுக்கும் இடம் தானாகத் தெரியும். வர்ணத்தில் சொற்கள் குறைவு. ஒரு உயிரெழுத்தே பல ஸ்வரங்களுக்கு நீண்டுகொண்டு போகும். எங்கே நிறுத்துவது என்று தெரியாத பிள்ளை முட்டும்வரை பாடிவிட்டு, முட்டிய இடத்தில் அள்ளி எடுக்கும். இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், மூச்சு எடுக்கக் கிடைக்கும் நேரமும் பாதியாகிவிடும்.

நம்முடைய வடமோடி, தென்மோடிக் கூத்தைப் பாருங்கள். ஆடிக்கொண்டே பாடுபவர் ஓர் அடியைப் பாடியதும் பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் ஆடுபவர் மூச்சை எடுத்துக்கொள்வார். மூச்சுக்கான இடத்தை அந்தக் கலையின் அமைப்பே கொடுத்துவிடுகிறது. வர்ணத்தில் அதை நாம்தான் குறித்துக்கொள்ள வேண்டும். ரீச்சரோடு இருந்து, கொப்பியில் ஸ்வரக் கோர்வைகள் முடியும் இடங்களில் பென்சிலால் சின்னக் கோடு போடட்டும். அந்தக் கோடுகளில், மூச்சு மிச்சம் இருந்தாலும், கட்டாயம் எடுக்க வேண்டும். சுருதி அவளுக்கு ஒரு அரைக்கட்டை கூடிவிட்டதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். எட்டாத சுருதியில் எந்த மூச்சும் போதாது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடக்கட்டும். கச்சான் வீசும் மாதங்களில் தொண்டை சீக்கிரம் உலரும், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

விரல்கள் விறைத்தால், இரவில் நோவு தூக்கத்தைக் கெடுத்தால், இரண்டு வாரமாகியும் நோவு குறையாவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அவர் இயன்மருத்துவரிடம் அனுப்புவார். குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை நிபுணரைப் பார்க்க வேண்டும். ஓடி விளையாடும்போதும் மூச்சு வாங்குகிறதா, இரவில் இழுப்புச் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடங்கும் முன் அதைக் காட்டிவிடுங்கள்.