கைதின்போது அடித்ததாகப் புகார் கொடுத்தால், அதையும் போலீஸே விசாரிப்பார்களா?

உங்கள் தம்பியைக் கைது செய்த அன்று ஸ்டேஷனில் அடித்தார்கள், எஸ்.பி. ஆபீசில் மனு கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனு கொடுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

என் அத்தை மகன் விஷயத்தில் எஸ்.பி.க்குக் கொடுத்த மனு, அந்த ஸ்டேஷனின் டிஎஸ்பியிடமே போனது. முதல்வர் தனிப்பிரிவுக்கு அனுப்பியதும் சுற்றி அங்கேதான் வந்து சேர்ந்தது. விசாரணைக்குக் கூப்பிட்ட அறையில், அவனை அடித்த எஸ்.ஐ. எதிரே உட்கார்ந்திருந்தார். பையன் வாயே திறக்கவில்லை. 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, மனுவை முடித்துவிட்டார்கள்.

இப்படி நடக்கக் கூடாது என்றுதான் 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் போலீஸ் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் 2013 சட்டம் என்ன செய்தது? மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், டிஜிபி உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். இதை எப்படிச் சுதந்திரமான விசாரணை என்று ஏற்றுக்கொள்வது? எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

அதனால் போலீஸுக்கு வெளியே போங்கள். இனி யாரையாவது கைது செய்தால், ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போதே மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே பதிவானதைப் பிறகு மறைப்பது கஷ்டம். உங்கள் தம்பி அப்போது பயந்து சொல்லாமல் விட்டிருந்தாலும், சிறையில் சேர்க்கும்போது எழுதிய காயக் குறிப்பு இருக்கும். வக்கீல் மூலம் அதைக் கேளுங்கள்.

அப்புறம் மாநில மனித உரிமை ஆணையம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் மனு போக வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வே சொல்லியிருக்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: ஸ்டேஷன் கேமரா பதிவு. 2020-ல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, உயர் நீதிமன்றம் அனுப்பிய மாஜிஸ்திரேட் அந்த ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தால், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கில் இடம் இல்லாமல் இல்லை. எனவே தேதி, நேரம் குறிப்பிட்டு, 'இந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாக்க உத்தரவிட வேண்டும்' என்று மனுவில் தனியாகக் கேளுங்கள். இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.