சோவியத் கௌபாய் படங்கள் எல்லாம் ஹாலிவுட் காப்பிதானா?

ரஷ்ய நாவல்கள் பிடிக்கும், ஆனால் சோவியத் காலத்துக் கௌபாய் படங்கள் வெறும் காப்பி என்கிறார்களே, பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களிடம் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். என்னிடமும் சொன்னார்கள்.

நண்பர்கள் சிலர் கூடிப் படம் பார்ப்பது வழக்கம். என் முறை வந்தபோது விளாதிமிர் மோத்தில் இயக்கிய 'பாலைவனத்தின் வெண்சூரியன்' (1970) போட்டேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை, மூத்தவர் ஒருவர், "தம்பி, இது ஈஸ்ட்வுட் படந்தானே, தொப்பியை மட்டும் மாத்திட்டான்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்று அந்தச் சத்தத்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

நாயகன் சுகோவ் செம்படை வீரன். புரட்சிக்குப் பின் நடந்த உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து வீடு திரும்பும் வழியில், ஒரு கொள்ளைக்காரன் விட்டுப்போன மனைவிகளைக் காக்கும் பொறுப்பு தலையில் விழுகிறது. ஈஸ்ட்வுட்டின் கௌபாய் மாதிரி ஊர்பேர் இல்லாமல் வந்து போகிற ஆள் இல்லை இவன். ஊரில் இருக்கும் கத்தெரீனா மத்வேயெவ்னாவுக்கு மனசுக்குள் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறான்.

அப்புறம் வெரெஷாகின். காஸ்பியன் கடலோரத்தில் ஜார் காலத்துச் சுங்க அதிகாரி. அவர் சேவகம் செய்த அரசே இப்போது இல்லை. மனைவி கிண்ணம் நிறையக் கருப்பு கேவியர், அதாவது விலையுயர்ந்த மீன்முட்டை, கொண்டுவந்து வைக்கிறாள். தினமும் இதையே எப்படித் தின்பது, ரொட்டி கிடைக்காதா என்று அலுத்துக்கொள்கிறார். அந்த ஒரு காட்சியில் மனுஷனின் மொத்த வாழ்க்கையும் தெரிந்துவிடும். நடித்தவர் பாவெல் லுஸ்பெகாயெவ். நோயால் பாதங்களின் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்த நிலையில்தான் அந்த மணலில் நடந்தார். படம் வெளியாகிச் சில வாரங்களில், 1970 ஏப்ரலில் இறந்துபோனார்.

ஒரு சோவியத் படத்தில் நம் மனசை அதிகம் அள்ளிக்கொண்டு போகிறவர் ஜாரின் அதிகாரி! எதிர்ப் பக்கத்து ஆளையும் முழு மனிதனாகப் பார்க்கும் இந்தக் கண், என்னைக் கேட்டால், ரஷ்யாவை எதிர்த்துப் போரிட்ட காகசஸ் வீரனைப் பற்றி 'ஹாஜி முராத்' எழுதிய டால்ஸ்டாயிடமிருந்து வந்தது. ரஷ்ய விண்வெளி வீரர்கள் புறப்படும் முன் இந்தப் படத்தைப் பார்ப்பது இன்றும் வழக்கம்.

'கட்சிப் பிரச்சாரத்துக்கு வக்காலத்தா' என்று யாராவது கிளம்பலாம். பிரச்சாரம் இருக்கத்தான் செய்கிறது. மத்திய ஆசியப் பெண்களுக்கு ரஷ்யச் சிப்பாய் வந்துதான் விடுதலை தர வேண்டும் என்பது எனக்கும் உறுத்துகிறது. காப்பியும் உண்டு. சோவியத் இயக்குநர் மிகயீல் ரோமின் 'பதின்மூவர்' படம், ஹாலிவுட்டின் ஜான் ஃபோர்ட் 1934ல் எடுத்த பாலைவனப் படத்தைப் பின்பற்றியதுதான். ஆனால் இந்த அமெரிக்க மோகம் சினிமாவுக்கும் முந்தியது. செகாவின் 'சிறுவர்கள்' (1887) கதையில் மெய்ன் ரீடின் சாகசக் கதைகள் படித்த ஒரு பையன் தனக்குச் செவ்விந்தியத் தலைவன் பெயர் வைத்துக்கொண்டு, ரஷ்யாவின் கிழக்குக் கோடியான கம்சாத்கா வழியாக அமெரிக்காவுக்கு ஓடிப்போகச் சிநேகிதனோடு திட்டம் போடுகிறான். கடைத்தெருவில் வெடிமருந்து எங்கே கிடைக்கும் என்று விசாரித்தே மாட்டிக்கொள்கிறார்கள்.

செகாவ் என்றதும் இன்னொரு ஆற்றாமை. மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள் எங்கள் ஊர் நூலகத்தில் ஓர் அலமாரி நிறைய இருந்தன. ஒருநாள் போனால் எல்லாம் எடைக்குப் போய்விட்டதாம். யாரும் எடுப்பதில்லையாம்! நான் எடுத்துக்கொண்டுதானே இருந்தேன்? கேட்டால் பதிலே இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'வெண்சூரியனை' முதலில் பாருங்கள். பிடித்திருந்தால் இயக்குநர் நிகீதா மிகல்கோவ் 1974ல் எடுத்த முதல் முழுநீளப் படமான 'அந்நியரிடையே நம்மவன்' (At Home Among Strangers) பக்கம் போங்கள். அதிலும் ரயில் கொள்ளை, தங்கம், குதிரை எல்லாம் உண்டு.