வேகப் படகு இன்ஜின் ஓவர்ஹால்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 1980களின் கடைசியில் கட்டிய 8 மீட்டர் வேகப் படகு வைத்திருக்கிறேன். இரண்டு மெர்க்ரூஸர் 454 (454 கன அங்குல வி8) இன்ஜின்கள், பிராவோ ஒன் டிரைவ் (படகின் பின்புறம் புரொப்பெல்லரைச் சுழற்றும் பகுதி). ஓட்டம் கடல் நீரில்தான். கம்ப்ரஷன் சோதனையில் இடது இன்ஜினின் ஏழு சிலிண்டர்கள் 145 பிஎஸ்ஐ காட்டுகின்றன, ஒன்று மட்டும் 90. இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

பதில்: உடனே இறக்காதீர்கள். முதலில் லீக்-டவுன் சோதனை. அந்த சிலிண்டரைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, கிராங்க் சுழலாதபடி பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுங்கள். கார்புரேட்டரில் சீறல் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங் அல்லது பிஸ்டன். பக்கத்து பிளக் துளையில் கேட்டால் ஹெட் கேஸ்கெட். புகை வெளியேறும் வழியில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கடல் நீரில் ஓடும் இன்ஜினில் ஒரே ஒரு சிலிண்டர் இறங்கியிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் கடைசிக் காரணத்தைத்தான்.

அப்படியானால் வால்வை மாற்றினால் மட்டும் வேலை முடியாது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? ரைசரை (புகையோடு நீர் கலக்கும் மேல் துண்டு) கழற்றி, மேனிஃபோல்டோடு (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாய்) அது பொருந்தும் முகத்தைப் பாருங்கள். நீர் வழிக்கும் புகை வழிக்கும் நடுவே உள்ள பட்டையில் துருக்கோடு ஓடியிருந்தால், நிறுத்தி வைத்த நேரமெல்லாம் நீர் கசிந்து திறந்திருந்த வால்வின் மேல் சொட்டியிருக்கிறது. வார்ப்பிரும்பு ரைசர்களைக் கடல் நீரில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் நம்புவது ஆபத்து. புது இன்ஜினில் பழைய ரைசரை மாட்டியதால் ஒரே சீசனில் மறுபடி பிரிக்க வேண்டிவந்த இன்ஜின்கள் ஏராளம்.

கேள்வி: பிரிப்பதுதான் முடிவு என்றால், கையோடு 496 கன அங்குலமாக்கி பலத்தைக் கூட்டலாமா?

பதில்: கூட்டலாம். கணக்கு எளிது. 454-இன் போர் (சிலிண்டரின் விட்டம்) 4.25 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 4. போரை 0.060 அங்குலம் பெரிதாக்கி, 4.25 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் போட்டால் 496 வரும். ஆனால் உங்கள் பிளாக்கின் உள்ளே கடல் நீரே சுற்றி வந்திருந்தால், சிலிண்டர் சுவர் பின்பக்கத்திலிருந்து அரித்திருக்கும். போர் போடும் முன் ஒவ்வொரு சிலிண்டரின் சுவர்ப் பருமனையும் அல்ட்ராசானிக் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். மெலிந்திருந்தால் அந்த பிளாக்கை விட்டுவிடுங்கள். நீண்ட ஸ்ட்ரோக்கில் ராடின் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) போல்ட்டுகள் சிலிண்டரின் அடிவிளிம்பில் உரசும். அங்கே கிரைண்டரால் செதுக்கி, குறைந்தது 1.3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். 454 வெளியிலிருந்து பேலன்ஸ் செய்யப்பட்டது, அதாவது சமன் எடையில் ஒரு பங்கு கிராங்குக்கு வெளியே டேம்பரிலும் ஃப்ளைவீலிலும் இருக்கிறது. முன்பக்க டேம்பர், ஃப்ளைவீல் இரண்டையும் சேர்த்தே பேலன்ஸுக்குக் கொடுங்கள்.

காருக்கு எழுதிய அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்வதில்தான் பலர் இடறுகிறார்கள். நெடுஞ்சாலையில் கார் தன் பலத்தில் ஒரு பங்கைத்தான் செலவழிக்கிறது. படகோ 4,000 ஆர்பிஎம்மில் முழுச்சுமையோடு மணிக்கணக்கில் ஓடுகிறது. அதனால் இரும்பு ஹெட்டில் கம்ப்ரஷன் விகிதம் 9:1-க்கு மேல் போகாதீர்கள், அலுமினியமானால் 9.5:1 வரை தாங்கும். இக்னிஷன் அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சியை எட்டும் முன்பே பொறி விழும் கோணம்) மொத்தம் 32 டிகிரியில் தொடங்கட்டும். தண்ணீரில் இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும்) சத்தம் காதில் விழாது, பிஸ்டன் ஓட்டையான பிறகுதான் தெரியவரும்.

பிஸ்டன் இடைவெளியும் அப்படித்தான். கடல் நீர் நேராகச் சுற்றும் இன்ஜினில் தெர்மோஸ்டாட் 60 டிகிரி செல்சியஸ். சிலிண்டர் குளிர்ந்தே இருக்கும், விரியாது. சுமையில் காயும் பிஸ்டன் விரியும். 2618 அலுமினியக் கலவையில் ஃபோர்ஜ் செய்த பிஸ்டனுக்கு ஏறத்தாழ 0.15 மி.மீ. இடைவெளி தேவை. காருக்கான இறுக்கத்தில் போட்டால் முதல் முழுவேக ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்ளும். சரியான எண் பிஸ்டன் தயாரிப்பாளரின் தாளில், படகுக்கென்று தனியாக இருக்கும். மேல் ரிங்கின் வாய் இடைவெளி 0.5 மி.மீ. அளவில் இருக்கட்டும். ஹெட் கேஸ்கெட் படகுக்கானதாகவும், பிளாக்கின் நீர்வழி மூடிகள் பித்தளையாகவும் இருக்க வேண்டும்.

450 குதிரைத்திறனைத் தாண்டினால் கனமான படகில் சாதாரண பிராவோ டிரைவின் மேல் பல்சக்கரங்களும் யூ-ஜாயின்ட்டும் தாங்காது. இன்ஜினுக்கு ஒதுக்கும் பணத்தில் டிரைவுக்கும் பங்கு வையுங்கள்.

கேள்வி: பெரிய கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட பிறகு, ஐடிலில் ஓடினாலே சிலிண்டருக்குள் தண்ணீர் வருகிறது. ரைசர்கள் புதியவை. ஏன்?

பதில்: இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் பெரிய கேமில் அதிகம். ஐடிலில் இன்டேக் பக்கத்து வெற்றிடம் புகையைத் திருப்பி இழுக்கும். ரைசரில் புகையோடு கலந்த நீர்த்துளிகளும் கூடவே உள்ளே வரும். 0.050 அங்குல லிஃப்ட்டில் 230 டிகிரிக்கு உட்பட்ட டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் கோணம்), 112 முதல் 114 டிகிரி வரை லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் கேம் முகடுகளுக்கு இடையிலான கோணம்) கொண்ட கேமுக்கு மாறுங்கள். கேமை விட மனமில்லையென்றால், நீர் கலக்கும் இடத்தை இன்ஜினிலிருந்து தள்ளிக் கீழ்நோக்கிக் கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் அமைப்பு வேண்டும். அதுவரை ஐடிலில் நெடுநேரம் ஓட்டாதீர்கள். உள்ளே நீர் இருப்பது தெரிந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. பிளக்குகளைக் கழற்றிய பிறகே சுழற்றுங்கள், இல்லாவிட்டால் ராடு வளையும்.

கேள்வி: இரட்டை இன்ஜின் படகில் ஒன்று எதிர்த்திசையில் சுழலுமாமே, உண்மையா?

பதில்: பிராவோ ஒன்னில் இல்லை. இரண்டும் ஒரே திசைதான். ஒரு டிரைவின் ஷிஃப்ட்டை மாற்றிக் கொடுத்தால் புரொப்பெல்லர் எதிராகச் சுற்றும். நேர் ஷாஃப்ட் படகுகளில்தான் எதிரெதிர்த் திசையில் சுழலும் இன்ஜின்கள் உண்டு. எதிராகச் சுழலும் இன்ஜினுக்கு கேம், ஸ்டார்ட்டர், பின்பக்க மெயின் சீல் எல்லாம் வேறு. பெரிய ஷெவ்ரோலே வி8-இன் ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-2-7-5-6-3-4-8 ஆகிவிடும்.

கேள்வி: கார் ஆல்டர்னேட்டர், கார் கார்புரேட்டர் போட்டால் செலவு குறையுமே?

பதில்: வேண்டவே வேண்டாம். இன்ஜின் அறையின் அடியில் தேங்கும் பெட்ரோல் ஆவி தானாக வெளியேறாது; ஒரு பொறி போதும். படகுக்கான ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை பொறி வெளியே வராதபடி மூடப்பட்டவை. படகுக் கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்தால் வெளியே கொட்டாது, இன்ஜினுக்குள்ளேயே போகும்.

கேள்வி: முதல் ஸ்டார்ட்டில் எதைக் கவனிப்பது?

பதில்: டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியே டிரில்லால் ஆயில் பம்ப்பைச் சுழற்றி, ராக்கர்களில் ஆயில் வரும்வரை ஓட்டுங்கள். தட்டை டாப்பெட் (உருளை இல்லாமல் கேமில் நேராக உரசும் வகை) கேமானால் துத்தநாகம் கூடிய ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் 2,000–2,500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்; ஐடிலுக்கு விட்டால் கேம் தேயும். நீர் வரத்து தடைபடாமல் இருக்கட்டும். ஆயிலை மாற்றிய பிறகு கடலுக்குப் போங்கள். பலம் கூடிய இன்ஜின் பழைய புரொப்பெல்லரோடு உச்ச ஆர்பிஎம் வரம்பைத் தாண்டினால் பிட்சை (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்) கூட்டுங்கள். ஒரு அங்குலம் கூட்டினால் 150 முதல் 200 ஆர்பிஎம் இறங்கும்.