ஒருமுறை பிரதேச சபை உறுப்பினராக இருந்தவர் மறுபடி வெல்வது எளிதுதானே?

"ஆட்களை ஏற்கெனவே தெரியும், பெயரும் தெரியும், பிறகென்ன கஷ்டம்?" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஆட்களுக்கு என்னைத் தெரியும் என்பதுதான் எனக்குக் கஷ்டமாகிப் போனது.

2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் இலங்கையின் வன்னியில் ஒரு பிரதேச சபைக்கு, அதாவது ஊர்ப்புற உள்ளூராட்சி சபைக்கு, வட்டார உறுப்பினராக வந்தேன். 2025 மே 6ஆம் திகதி அதே வட்டாரத்தில் மறுபடி நின்று தோற்றேன். சபையின் பெயரும் கட்சியின் பெயரும் இங்கே வேண்டாம். ஊர்க்காரர் வாசித்தால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் தடவை வாக்குக் கேட்கப் போனபோது அருவி வெட்டு நேரம். வரம்பில் நின்றபடியே கதைத்தோம். கையில் ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருந்தேன், யார் எதைக் கேட்டாலும் அதில் எழுதினேன். குளத்து வீதிக்குக் கிரவல், பள்ளிக்கூடச் சந்திக்கு விளக்கு, வாய்க்காலுக்கு மதகு, யானை வேலி, வீட்டுத்திட்டம், காணி பேர்மிட். எல்லாவற்றுக்கும் "பாப்பம்" என்றேன். எங்கள் பக்கம் "பாப்பம்" என்றால் பாதிச் சம்மதம். தேர்தல் நேரத்தில் வேட்பாளர் சொன்னால் முழுச் சம்மதம்.

வென்ற பிறகுதான் கொப்பியை ஒழுங்காக வாசித்தேன். பாதிக்கு மேல் சபைக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்கள். வீட்டுத்திட்டம், காணி எல்லாம் பிரதேச செயலகத்தின் வேலை. யானை வேலி வனசீவராசிகள் திணைக்களத்தினது. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி வகை மாகாணத்துக்கு. மிஞ்சுகிற உள்வீதிகள்தான் எங்களுக்கு. அப்புறம் தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானம், நூலகம். பிரதேச சபை, பிரதேச செயலகம் என்று இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பெயரை வைத்துவிட்டு, சனத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. எனக்கே முதல் ஆறு மாதம் குழப்பமாகத்தான் இருந்தது.

குளத்து வீதி எங்கள் வீதிதான். ஆனால் கிரவல் பறிக்கப் போன அன்று, நடுவில் ஒரு துண்டு காட்டு எல்லைக் கல்லுக்கு உள்ளே போகிறது என்று மறித்துவிட்டார்கள். முப்பது வருடமாக மாட்டு வண்டில் போன பாதை அது. அந்தத் துண்டு இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது.

நான்கு வருடப் பதவிக் காலத்தில் கொரோனா வந்தது. பிறகு ஒரு வருடம் நீட்டினார்கள். அந்த 2022இல் டீசல் இல்லை, குப்பை உழவு இயந்திரம் சபை வளவிலேயே நின்றது. கடைசியில் கணக்குப் பார்த்தால் மூன்று உள்வீதி, ஒரு மயானக் கொட்டகை, கொஞ்ச விளக்குகள். மதகு வரவில்லை. அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடம் அதைப் பாதீட்டுக்குள் கொண்டுவரப் பாடுபடாமல், சுலபமாகக் கிடைக்கக்கூடிய விளக்குகளின் பின்னால் போனவன் நான்தான். விளக்குப் போட்டால் அன்று இரவே வெளிச்சம் தெரியும். மதகின் அருமை மாரி மழைக்குத்தான் தெரியும்.

2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்று நின்றுபோனது. அதே மாதம் 19ஆம் திகதி சபைகளின் காலமும் முடிந்தது. பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் சபையின் செயலாளர் என்ற அதிகாரிதான் சபையை நடத்தினார். கதிரை இல்லாத அந்தக் காலத்திலும் விளக்கு எரியாவிட்டால் எனக்குத்தான் தொலைபேசி வந்தது. "நான் இப்ப முன்னாள், அம்மா" என்றால், "அதுக்கென்ன தம்பி, சொல்லிவிடுங்கோவன்" என்பார்கள். 2023இல் கொடுத்த வேட்புமனுக்களும் செல்லாது என்றாகி, 2025 மார்ச்சில் புதிதாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தடவை பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிச் சிக்கலில் பல இடங்களில் பட்டியல்கள் நிராகரிக்கப்பட்டன. நீங்கள் நிற்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அந்தக் கடதாசிகளைப் பாருங்கள், சுவரொட்டி பிறகு.

இனிச் சின்னத்துக்கு வருகிறேன். இந்தத் தேர்தலில் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்காது. கட்சி அல்லது சுயேச்சைக் குழுவும் அதன் சின்னமும் மட்டும்தான். அதற்கு ஒரு புள்ளடி, அவ்வளவுதான், விருப்பு வாக்கும் கிடையாது. 2018இல் நான் நின்ற சின்னம் ஒன்று. இடையில் எங்கள் கட்சி இருந்த கூட்டமைப்பு உடைந்து, 2025இல் வேறு சின்னம். வீடு வீடாகப் போய் "ஆளைப் பாருங்கோ, சின்னம் மாறிட்டுது" என்று சொன்னோம், துண்டுப் பிரசுரம் கொடுத்தோம். வாக்களிப்பு முடிந்த பின்னேரம், என்மேல் உயிராக இருக்கிற ஒரு ஆச்சி வேலிக்கரையில் மறித்து, "வெள்ளணவே போய் உனக்குத்தான் குத்தினனான் மோனை" என்றார். எதற்கு என்று கேட்டேன். பழைய சின்னத்தைச் சொன்னார். நானும் "நல்லது ஆச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது?

அதற்காக ஆச்சிமாரால்தான் தோற்றேன் என்று சொல்லமாட்டேன். பிரசாரத்துக்குப் போகும்போது பழைய கொப்பியையும் எடுத்துப் போனேன். கூட வந்த பெடியள், "அண்ணை, செய்யாததை நாங்களே ஏன் காட்டுவான்?" என்றார்கள். எனக்கு ஒளிக்க மனம் வரவில்லை. பல வீடுகளில் அது நல்லதுக்குத்தான் போனது. இது சபையின் வேலை, இது இல்லை, இது என் பிழை என்று பக்கம் பக்கமாகக் காட்டினால் கோபம் கொஞ்சம் இறங்கும். ஆனால் மதகு கேட்ட வீட்டில் நடந்தது வேறு. அந்த ஐயா கொப்பியை வாங்கி, தன் பெயருக்கு நேரே இருந்த என் கையெழுத்தைப் பார்த்தார். "2018ஆம் ஆண்டு மாசி மாசம். பொடி அப்ப ஐந்தாம் வகுப்பு. இப்ப ஏ.எல். படிக்கிறான். மாரியில இன்னும் சைக்கிளைத் தோளில வைச்சுக்கொண்டுதான் வாய்க்காலைக் கடக்கிறான்" என்றார். கத்தவில்லை. தேத்தண்ணீரும் தந்தார். அந்த ஒழுங்கையில் எத்தனை வாக்கு போனது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

ஆகவே என் பதில்: எளிதில்லை. புதிதாக வருகிறவர் "செய்வேன்" என்றால் போதும். நாங்கள் அதே வாயால் ஏன் செய்யவில்லை என்றும் சொல்ல வேண்டும். வட்டாரத்தில் தோற்றால், கட்சிக்கு விழுந்த வாக்கு விகிதப்படி இடம் கிடைக்கிற மேலதிகப் பட்டியல் வழியாக உள்ளே போகலாம் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஆசனங்களில் 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல் என்பது சரிதான். ஆனால் மேலதிகப் பட்டியலில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், சபையிலும் 25 சதவீதம் பெண்கள் வர வேண்டும். எங்களுக்குக் கிடைத்த ஒரு இடம் முன்பள்ளி ஆசிரியை ஒருவருக்குப் போனது. அன்றிரவு கொஞ்சம் கசந்தது, பொய் சொல்லக் கூடாது. இப்போது கூட்டத்தில் அவர் எழும்பிக் கேட்கிற கேள்விகளைப் பார்த்தால், நான் ஐந்து வருடத்தில் அதில் பாதி கேட்டிருக்க மாட்டேன்.

இன்னொன்று, தோற்றாலும் முடிவு வந்து 21 நாட்களுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். 2023இல் வந்த சட்டம். என் கணக்கில் பெரிய செலவு மோட்டார் சைக்கிளுக்கு அடித்த பெற்றோல்தான். கொடுக்கப் போன இடத்தில் என்னை வென்ற தம்பியும் வரிசையில் நின்றார். மதகுக்கு அளவெடுத்த பழைய மதிப்பீடு சபைக் கோவையில் எந்த வருடத்துக்குள் கிடக்கிறது என்று சொன்னேன். "பாப்பம் அண்ணை" என்றார்.